ஆர்.வி. இன்சூரன்ஸ்: பாதி பிரீமியத்தில் கிடைப்பதை எடுத்தால் என்ன?

கேள்வி: பழைய மோட்டார்ஹோம் ஒன்று, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள ஆர்.வி. வண்டி, வாங்கப் போகிறேன். மூன்று இடங்களில் இன்சூரன்ஸ் விலை கேட்டேன். ஒருவர் சொன்ன தொகை மற்ற இருவர் சொன்னதில் பாதிதான். மூன்று பேருமே "முழுக் காப்பு" என்கிறார்கள். அப்புறம் எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்? கார் பாலிசியிலேயே இதையும் சேர்த்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரியா?

மார்ச் 2

முழுக் காப்பு என்பது விற்பவர் சொல்வது. பாலிசித் தாளில் அப்படி ஒரு பிரிவைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. மோதல் சேதம், தீ-திருட்டு-ஆலங்கட்டி வகைச் சேதம், அடுத்தவருக்கு நாம் உண்டாக்கும் சேதத்துக்கான பொறுப்பு என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் அதை முழுக் காப்பு என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். காருக்கு அது போதும். நீங்கள் வாங்கப் போவதில் அடுப்பு, எரிவாயு சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, கட்டில், கூரை மேல் ஏசி எல்லாம் இருக்கின்றன. கார் பாலிசிக்கு அவை என்னவென்றே தெரியாது.

பிரீமியத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். மூன்று பேருக்கும் ஒரே மூன்று கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். வண்டி முழுக்க எரிந்துபோனால் எவ்வளவு தருவீர்கள், அந்தத் தொகையை யார் எப்படி முடிவு செய்வார்? கூரை வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவர் உப்பிப் போனால் என்ன தருவீர்கள்? முகாமில் நிறுத்தியிருக்கும்போது விருந்தாளி படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் யார் செலவு?

பதில்கள் வந்த பிறகு "பாதி விலை" என்ற பேச்சே மாறிவிடும்.

மார்ச் 2, இரவு

எழுத்தில் என்று சொன்னேனே, அது முக்கியம். போனில் எல்லாமே "ஆமாம் சார், கவர் ஆகும்" தான்.

மார்ச் 5

முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முழு இழப்புக்குத் தொகை தீர்மானிக்கும் முறைகள் பல. பிரீமிய வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

சந்தை மதிப்பு முறையில், விபத்து நடந்த அன்று அந்த வயது, அந்த நிலையில் உள்ள வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதைத் தருவார்கள். தேய்மானம் நம் தலையில். இதுதான் மலிவு.

ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில், பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறோம். முழுசாகப் போனால் அந்தத் தொகை, டிடக்டிபிளை, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்கும் பங்கை, கழித்துக்கொண்டு. அன்றைய சந்தை நிலவரம் பற்றிப் பேச்சே இல்லை. நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்கும், உள்ளே நிறையச் செலவு செய்து மாற்றிய கேம்பர் வேனுக்கும் இதுதான் பொருத்தம்.

புது வண்டி மாற்று முறையில், முதல் சில ஆண்டுகளுக்குள் வண்டி போனால் அதே வகையில் புதிதாகத் தருவார்கள். பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். கேள்வி கேட்டவர் பழைய வண்டி வாங்குகிறார், ஆகவே இது அவருக்கு இல்லை. விலைப் பட்டியலில் இது சேர்ந்திருந்தால் எதற்கு என்று கேட்க வேண்டும்.

கடனில் வாங்குகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி விலை 100 என்று வைத்துக்கொள்வோம். சில வருடம் கழித்துச் சந்தை மதிப்பு 55, கடன் பாக்கி 70. வண்டி எரிந்தால் சந்தை மதிப்புப் பாலிசி 55 தரும். வண்டியே இல்லாமல் மீதி 15-ஐ நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நீண்ட தவணையில் ஆர்.வி. கடன் தருகிற இடங்களில் இது கற்பனைக் கதை இல்லை. இந்த இடைவெளியை அடைக்கவே கேப் காப்பு என்று தனியாக விற்கிறார்கள். அதன் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மார்ச் 6

நேற்று எழுதியதில் நான்காவது ஒன்றைச் சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது அங்கேதான். "அறிவித்த மதிப்பு" என்று ஒன்று உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பு மாதிரியே இருக்கும். நாம் ஒரு தொகையைச் சொல்வோம், அது பாலிசித் தாளில் அச்சாகியும் வரும். ஆனால் சிறிய எழுத்தில், அறிவித்த தொகை அல்லது சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது என்று இருக்கும். அதாவது நாம் சொன்ன தொகை வெறும் உச்சவரம்பு. அதிகமாகச் சொன்னால் அதிகப் பிரீமியம் கட்டுவோம், கிடைப்பது சந்தை மதிப்புதான். குறைவாகச் சொன்னால் குறைவாகவே கிடைக்கும். எந்தப் பக்கம் போனாலும் நமக்கு லாபமில்லை.

"எது குறைவோ" என்ற இரண்டு சொற்கள் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மார்ச் 9

இரண்டாவது கேள்வி. தண்ணீர். இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன்.

என் முந்தைய வண்டி ஒரு ட்ரெய்லர், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வகை. ரப்பர் கூரை. கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை வெடித்து, உள்ளே மெதுவாக நீர் இறங்கியிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கட்டில் பக்கத்துச் சுவரைக் கையால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் சட்டம் முழுக்க உளுத்துப் போயிருந்தது. க்ளெய்ம் போட்டேன். வந்த ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு பக்கக் கடிதத்தில் மறுப்பு: "படிப்படியாக நேர்ந்த சிதைவு, பராமரிப்புக் குறைவு." பேசிப் பார்த்தேன், மேல்முறையீடு செய்தேன், அதே கடிதம் வேறு தேதியோடு வந்தது. அதே பாலிசியை எனக்கு விற்றவர், நீர்ச் சேதம் சேர்ந்திருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்.

சேர்ந்துதான் இருந்தது. திடீர் நீர்ச் சேதம் மட்டும். புயலில் கிளை விழுந்து கூரை கிழிந்து மழை உள்ளே வந்தால் தருவார்கள். வருடக்கணக்கில் கசிந்தால் தர மாட்டார்கள். எனக்குத் தெரிந்து எல்லா நிறுவனங்களும் இந்தக் கோட்டை இப்படித்தான் போடுகின்றன. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நிறுவனங்களுக்குள் ஒப்பிட்டுப் பயனில்லை. வேண்டுமானால், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பது எந்தப் பக்கம் சேர்கிறது என்று கேளுங்கள். அங்கே பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. குளிர்காலத்துக்கு முன் குழாய்களிலிருந்து நீரை வடித்ததற்குச் சான்று கேட்பவர்களும் உண்டு.

இதற்கு உண்மையான காப்பு ஏணியும் சீலன்ட் குழாயும்தான். வருடத்துக்கு இரண்டு முறை கூரையில் ஏறி இணைப்புகள், காற்றுத்துளை மூடிகள், ஏசி அடிப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உண்மையிலேயே புயல் சேதம் நேர்ந்தால், அதற்கு முன்பு கூரை நன்றாக இருந்தது என்று காட்ட அந்தப் படம் உதவும். இப்போதுள்ள வண்டிக்கு அப்படித்தான் செய்கிறேன். போன ஆலங்கட்டி மழைக்குப் பிறகு க்ளெய்ம் போட்டபோது பழைய படங்களைக் கொடுத்தேன், பேச்சு அங்கேயே முடிந்தது.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

எலி பற்றிக் கேட்டவருக்கு: பெரும்பாலான பாலிசிகளில் எலி, பூச்சி, பூஞ்சை மூன்றும் விலக்குப் பட்டியலில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எலி வயரைக் கடித்து அதனால் தீப்பிடித்தால், தீயால் வந்த சேதத்துக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடித்த வயருக்குக் கிடைக்காது. எலிக்கு இதையெல்லாம் யாராவது விளக்கிச் சொன்னால் தேவலை.

மார்ச் 12

ஃபிரிட்ஜ் நின்றுபோனால் இன்சூரன்ஸில் வாங்கலாமா? முடியாது. இயந்திரக் கோளாறு வேறு, விபத்து வேறு. நீட்டித்த வாரண்டி என்று விற்பது முதல் வகைக்கு, இன்சூரன்ஸ் இரண்டாவது வகைக்கு. ஆர்.வி.களில் வரும் பழைய வகை அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர் கிடையாது. எரிவாயுச் சுடரோ மின் சூடேற்றியோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி வேலை செய்யும். வண்டி சாய்வாக நிற்கும்போது நீண்ட நேரம் ஓடினால் உள்ளே குழாய் பழுதாகும். அந்தப் பழுது உங்கள் செலவு. அதன் பின்பக்கத்தில் தீப்பிடித்து வண்டி எரிந்தால் அது க்ளெய்ம்.

டயரும் இப்படித்தான். வெடித்த டயருக்குத் தர மாட்டார்கள், தேய்மானம் என்பார்கள். வெடித்த ரப்பர் சக்கர வளைவைக் கிழித்து, தண்ணீர்க் குழாயையும் பிய்த்துக்கொண்டு போனால் அந்தச் சேதத்துக்குப் பல நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் டயரின் வயதைப் பார்ப்பார்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-ம் வாரம் தயாரானது. ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கிழடாவது அதிகம். பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு எண்களை.

மார்ச் 15

மூன்றாவது கேள்விக்கு வருவோம். படியில் விழுந்த விருந்தாளி.

வண்டி ஓடும்போது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு வாகனப் பொறுப்புக் காப்பு. நிறுத்தி, ஆனிங்கை (பக்கத்தில் விரிக்கும் நிழல் துணியை) விரித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் அது வீடு மாதிரி. வாகனப் பொறுப்பு அங்கே வராமல் போகலாம். இதற்கென்று விடுமுறைப் பொறுப்புக் காப்பு என்று ஆர்.வி. பாலிசிகளில் தனியாகச் சேர்க்கிறார்கள். விலை அதிகமில்லை. கார் பாலிசியில் சேர்த்த ஆர்.வி.க்கு இது அநேகமாக இருக்காது. உங்கள் நண்பர் சொன்ன வழியில் முதல் ஓட்டை இதுதான்.

வண்டியிலேயே வருடம் முழுக்க வாழ்கிறவர்களுக்கு விடுமுறைப் பொறுப்புப் போதாது. சொந்த வீட்டுக்கு எடுக்கிற அளவுக்குப் பொறுப்புக் காப்பும், பொருட்களுக்கான காப்பும் உள்ள முழுநேரப் பாலிசி வேண்டும். எத்தனை மாதம் தங்கினால் முழுநேரம் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. ஆறு மாதம் என்று கோடு போடுபவர்கள் இருக்கிறார்கள். பிரீமியம் கூடுமே என்று "வார இறுதிக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளேயே குடியிருக்கிறவர்களை எனக்குத் தெரியும். க்ளெய்ம் நேரத்தில் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

மார்ச் 16

ட்ரெய்லர்காரர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இழுத்துச் செல்லும்போது அடுத்தவருக்கு நேரும் சேதம் பல நாடுகளில் இழுக்கும் வண்டியின் பொறுப்புக் காப்பில் வரும். ஆனால் ட்ரெய்லருக்கே நேரும் சேதம் அதில் வராது. ஜெர்மனி போன்ற இடங்களில் ட்ரெய்லருக்கென்றே தனிப் பொறுப்புக் காப்பு கட்டாயம். அதனால் ட்ரெய்லர் பாலிசியையும் மோட்டார்ஹோம் பாலிசியையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்பதில் அர்த்தமில்லை. மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சின்னக் கார் இழுத்துப் போகிறவர்கள் அந்தக் காருக்குத் தனிப் பாலிசி வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 20

உள்ளே இருக்கும் பொருட்கள். சைக்கிள், கேமரா, மடிக்கணினி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், அதிர்ச்சியாக இருக்கும். பாலிசியில் மொத்த வரம்பு ஒன்று, ஒரு பொருளுக்கான வரம்பு ஒன்று. இரண்டாவதை யாரும் படிப்பதில்லை. பழைய பொருளின் மதிப்பா, புதிதாக வாங்கும் விலையா என்றும் கேளுங்கள். வீட்டுப் பாலிசி இருந்தால் அது வெளியூரில் உள்ள பொருட்களுக்கும் ஓரளவு பொருந்தக்கூடும். அப்படியானால் இங்கே குறைவாக எடுத்தால் போதும்.

பொருத்திய சாதனங்கள் வேறு கதை. சோலார் தகடு, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் நீங்களாகச் சேர்த்திருந்தால், அறிவிக்காத வரைக்கும் நிறுவனத்தின் பார்வையில் அவை வண்டியில் இல்லை. ரசீது, படம், மின்வேலையும் எரிவாயு வேலையும் யார் செய்தார் என்ற சான்று, மூன்றும் வேண்டும். தானே வேலை செய்து மாற்றிய வேன்களை எடுக்கவே மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. எடுப்பவர்கள் கட்டில் நிலையாக இருக்கிறதா, அடுப்பு பொருத்தியிருக்கிறதா என்று படம் கேட்பார்கள். வெறும் மெத்தை போட்ட வேன் அவர்களுக்கு வேன்தான்.

மார்ச் 20, பின்குறிப்பு

ஆனிங் தனியாக டிடக்டிபிளோடு வருகிறதா என்று பாருங்கள். காற்றில் பிய்ந்துபோவது அடிக்கடி நடக்கிறது. அதைச் சுருட்டாமலேயே வண்டியை எடுப்பது அதைவிட அடிக்கடி.

மார்ச் 27

சாலை உதவி. காருக்கு வைத்திருக்கும் உதவித் திட்டம் இதற்கும் வரும் என்று நினைப்பவர்கள் அந்தத் திட்டத்தின் எடை, நீள வரம்பைப் பார்க்க வேண்டும். பேருந்து மாதிரி இருக்கும் ஏ வகை மோட்டார்ஹோமை இழுக்கக் கனரக வண்டி வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைத்தாலும் கட்டணம் கண்ணைக் கட்டும். பி வகை, அதாவது வேன் அளவு, என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஓட்டுநர் தலைக்கு மேல் கட்டில் உள்ள சி வகை நடுவில் மாட்டிக்கொள்ளும். என்னுடையது அதுதான். உதவி எண்ணுக்கு அழைத்தால் முதல் கேள்வி நீளம், இரண்டாவது உயரம். இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன். தாழ்ந்த பாலத்தின் முன்னாலும் அது பயன்படுகிறது.

"இத்தனை தூரம் வரை இழுப்போம்" என்பதைவிட "பழுது பார்க்கக்கூடிய அருகிலுள்ள பட்டறை வரை இழுப்போம்" என்ற வாசகம் நல்லது. அப்புறம், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் தங்கும் செலவு. வீடே பட்டறைக்குள் போய்விட்டால் நாம் எங்கே படுப்பது? அவசரச் செலவுக் காப்பு என்று இருக்கும். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நடந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு வரும்.

ஏப்ரல் 3

குளிர்காலம் முழுக்க வண்டி நிற்கிறது, பிரீமியத்தை நிறுத்திவைக்கலாமா? பல இடங்களில் நிறுத்திவைப்புக் கால வசதி இருக்கிறது. மோதலையும் பொறுப்பையும் அணைத்துவிட்டு, தீ, திருட்டு, மரம் விழுதல் போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நல்ல சேமிப்பு. ஆனால் அந்தக் காலத்தில் வண்டியை ஒரு அடி சாலையில் நகர்த்தினாலும், பட்டறைக்குத்தான் போனேன் என்றாலும், காப்பில்லாமல் ஓட்டுவதுதான். கடன் கொடுத்தவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். நான் முன்பு ஒவ்வொரு குளிர்காலமும் இதைச் செய்தேன். இப்போது செய்வதில்லை. திடீரென்று கிளம்பத் தோன்றுகிற ஆள் நான், மிச்சமாகும் பணத்துக்காக அந்த ஆசையைப் பூட்டி வைக்க மனமில்லை.

ஏப்ரல் 3, இரவு

நான் இல்லாத நாட்களில் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனிப்பட்ட பாலிசிகள் பெரும்பாலும் அதை நேரடியாக விலக்குகின்றன. வாடகைத் தளங்கள் தரும் காப்பு வாடகை நாட்களுக்கு மட்டும். விட்டுவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஏப்ரல் 11

எல்லை தாண்டுகிறவர்களுக்கு. அமெரிக்கப் பாலிசியின் பொறுப்புக் காப்பு மெக்சிகோவில் செல்லாது, அங்கே உரிமம் பெற்ற நிறுவனத்தின் பாலிசி தனியாக வேண்டும். ஐரோப்பாவுக்குள் சுற்றுகிறவர்கள் எந்தெந்த நாடுகள், எத்தனை நாட்கள் என்று எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். வெளிநாட்டில் பொறுப்புக் காப்பு மட்டும் தொடர்ந்து, சொந்த வண்டிச் சேதக் காப்பு சில மாதத்தில் முடிந்துவிடும் பாலிசிகள் உண்டு.

எடையும் இங்கேதான் வருகிறது. பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமத் தேர்வில் தேறியவர்கள் பொதுவாக 7.5 டன் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு தேறியவர்களுக்கு 3.5 டன் என்பதே வழக்கமான வரம்பு. தொட்டி நிறையத் தண்ணீர், இரண்டு சைக்கிள், கூடுதல் பேட்டரி என்று ஏற்றினால் 3.5 டன் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. எடை தாண்டிய வண்டி விபத்தானால் க்ளெய்ம் தகராறில் போய் நிற்கும். ஏற்றிய வண்டியை ஒரு முறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் மூன்று பதில்களையும் அனுப்பியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான், ஆனால் ஒன்று எதிர்பார்க்காதது.

பாதி விலைக்காரர்: சந்தை மதிப்பு, விடுமுறைப் பொறுப்பு இல்லை, பொருட்களுக்குக் காப்பு இல்லை, டிடக்டிபிள் வண்டி மதிப்பில் 2 சதவீதம். இரண்டாவது ஆள்: ஒப்புக்கொண்ட மதிப்பு, விடுமுறைப் பொறுப்பு உண்டு, டிடக்டிபிள் நிலையான தொகை. மூன்றாவது ஆள்தான் விலை அதிகம். ஆனால் அவர் தந்தது அறிவித்த மதிப்பு, "எது குறைவோ" வாசகத்தோடு. விலையில் முதலிடம், இழப்பீட்டில் கிட்டத்தட்டப் பாதி விலைக்காரருக்குச் சமம். அவரை முதலில் கழித்துவிடலாம்.

மீதி இரண்டில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஆனால் மார்ச் 2-ல் இருந்த அளவுக்கு இப்போது உறுதியாக இல்லை. நீங்கள் வாங்குவது ரொம்பப் பழைய வண்டி, கடன் இல்லாமல், கையிலுள்ள பணத்தில். போனால் போகட்டும் என்று தாங்க முடிகிற தொகை என்றால், மலிவான பாலிசியில் விடுமுறைப் பொறுப்பை மட்டும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வண்டியின் விலைக்கு ஒரு எல்லை இருக்கிறது. விழுந்தவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எல்லை கிடையாது. அதனால் பணத்தை மிச்சம் பிடிப்பதென்றால் முதல் கேள்வியில் பிடியுங்கள், மூன்றாவதில் வேண்டாம்.

ஏப்ரல் 22

சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் இரண்டாவது ஆள்தான்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புக்கொண்ட தொகை எப்போது மறுபரிசீலனைக்கு வரும் என்று கேளுங்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தானாகக் குறைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஓட்டப்போகும் எல்லார் பெயரும் தாளில் இருக்கட்டும், எப்போதாவது ஓட்டும் மச்சான் உட்பட. வண்டியைக் கைமாற்றும் நேரத்துக்கு முன்பே பாலிசி தொடங்க வேண்டும். வாங்கி ஓட்டிவரும் முதல் பயணத்தில்தான் அந்த வண்டியின் நீளம் உங்களுக்குப் பழகியிருக்காது.